வார்டு வாக்கும் நாட்டு வாக்கும்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் அருந்தும் நேரத்தில், ஏறத்தாழ ஒரே ஐயங்களையே பலரும் என்னிடம் கேட்கிறார்கள். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் வாழும் நம்மவர்களுக்கு மாநகராட்சித் தேர்தல் கண்முன் நடப்பது. நாடாளுமன்றம் தொலைவில் இருப்பது. இந்த இரண்டுக்கும் இடையே வாக்காளரின் மனம் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றிய கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மாகாணத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில்தானே நடக்கின்றன? பிறகு எது எதைப் பாதிக்க முடியும்?

சரியான இடத்திலிருந்து தொடங்கும் கேள்வி இது. தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் 2024 வரை நடந்த 7 பொதுத் தேர்தல்களிலும் தேசிய வாக்கும் மாகாண வாக்கும் ஒன்றாகவே பதிவாயின. ஆகவே ஜெர்மனியிலோ இந்தியாவிலோ போல, ஒரு மாகாணத்தின் முடிவைப் பார்த்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து நாட்டுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

நம் நாட்டில் அந்த இடத்தை நிரப்புவது உள்ளாட்சித் தேர்தல். 2000, 2006, 2011, 2016, 2021 என்று இரண்டு பொதுத் தேர்தல்களுக்கு நடுவே அது வந்துகொண்டிருக்கிறது. எனவே “வட்டாரத் தேர்தல்” என்று இந்தப் பக்கத்தில் நான் சொல்லும்போது, ஒரே நாளில் நடக்கும் மாகாண வாக்கையும், இடையில் வரும் மாநகராட்சி, நகராட்சி வாக்கையும் சேர்த்தே சொல்கிறேன். முதலாவது, ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு விதமாகச் சிந்திக்கிறாரா என்பதைக் காட்டும். இரண்டாவது, காலப்போக்கில் அவர் மாறுகிறாரா என்பதைக் காட்டும்.

2024-ல் மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்களே, நடுவில் இருந்த “வட்டாரச் சீட்டு” மாகாண அரசுக்கா?

இல்லை. பெயரைப் பார்த்துப் பலரும் குழம்பினார்கள். அந்தச் சீட்டும் நாடாளுமன்றத்துக்கே உரியது. தேசியப் பேரவையின் 400 இடங்களில் 200 இடங்கள் ஒன்பது மாகாணங்களுக்கும் பகிரப்பட்டு, அந்த வட்டாரச் சீட்டின் வழியாக நிரப்பப்பட்டன; சுயேச்சை வேட்பாளர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. கட்சியில் சேராதவரும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2020-ல் அளித்த தீர்ப்பின் விளைவு அது. நம் மாகாணமான குவாசூலு-நட்டாலின் சட்டமன்றத்தில் உள்ள 80 இடங்களுக்கு மூன்றாவது சீட்டு தனியாக இருந்தது.

மாகாணத்துக்கு ஒரு கட்சி, நாட்டுக்கு வேறு கட்சி என்று போட்டேன். கொள்கை இல்லாதவன் என்று என் அண்ணன் திட்டுகிறார். நான் செய்தது தவறா?

தவறே இல்லை, உங்களைப் போல் செய்தவர்கள் நம் ஊரிலேயே ஏராளம். 1999-ல், இந்திய வம்சாவளியினரின் ஆதரவில் நின்ற அமிச்சந்த் ராஜ்பன்சியின் மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சி, குவாசூலு-நட்டால் மாகாணச் சீட்டில் சுமார் 87,000 வாக்குகள் பெற்றது. அதே நாளில் தேசியச் சீட்டில் நாடு முழுவதிலுமாக அக்கட்சிக்குக் கிடைத்தவை சுமார் 48,000 மட்டுமே. ஏறத்தாழ 39,000 பேர், “சட்டமன்றத்தில் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும், ஆனால் நாட்டை ஆள்வது வேறு விஷயம்” என்று ஒரே மறைவிடத்தில் நின்று இரண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த 39,000 பேரைக் கொள்கை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மன்றம் எந்த வேலையைச் செய்கிறது என்பதை உணர்ந்து வாக்களித்தவர்களாகவே அவர்களைப் பார்க்கிறேன்.

பெரிய கட்சிகளிலும் இது உண்டு. 2019-ல் கௌடெங் மாகாணத்தில், அப்போது நாட்டின் ஆளுங்கட்சியாக இருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மாகாணச் சீட்டில் 50.19 விழுக்காடு பெற்றது. அதே மாகாண மக்கள் தேசியச் சீட்டில் அதற்குச் சுமார் 53 விழுக்காடு கொடுத்தனர். மேற்குக் கேப் மாகாணத்தை ஆண்ட ஜனநாயகக் கூட்டணி என்ற எதிர்க்கட்சியின் கதை தலைகீழ்: மாகாணச் சீட்டில் 55 விழுக்காட்டுக்கு மேல், தேசியச் சீட்டில் சுமார் 52. மாகாணத்தை நன்றாக நடத்துகிறது என்று நம்பியவர்களில் ஒரு சிறு பகுதியினர் நாட்டை அதனிடம் ஒப்படைக்கத் தயாராக இல்லை.

வார்டுத் தேர்தலில் வாக்களிப்பதால் என் தேசிய விருப்பம் எப்படி மாறும்? நான் அதே ஆள்தானே?

நீங்கள் அதே ஆள்தான். ஆனால் ஒரு முறை கட்சி மாறி வாக்களித்தவர், மாறாதவரைப் போன்றவர் அல்லர். நாற்பது ஆண்டுகளாக ஒரே கடையில் மளிகை வாங்கியவர், ஒரு நாள் அது பூட்டியிருந்ததால் எதிர்க்கடைக்குப் போகிறார். அங்கும் அரிசி கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, பழைய கடைக்குத் திரும்பினாலும் அது இனி பழக்கத்தால் அல்ல, தேர்வு செய்துதான். உள்ளாட்சித் தேர்தல் அந்தப் பூட்டிய நாள். நாட்டின் தலைமை கைமாறாது என்று தெரிந்திருப்பதால், குப்பை வண்டிக்காகவும் தண்ணீருக்காகவும் வேறு கட்சியை முயன்று பார்க்க மக்கள் துணிகிறார்கள். அதிகம் பேசப்படாத இந்த வழிதான் மிக ஆழமானது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, ஆட்சியைக் கண்ணால் காண்பது. எதிர்க்கட்சியாகவே இருந்த ஒன்று மாநகராட்சியைப் பிடித்தால், அதன் வாக்குறுதி செயலாகிறது, அல்லது பொய்யாகிறது. மூன்றாவது வழி ஆள்பலம். ஒரு வார்டை வென்ற கட்சிக்கு மாதச் சம்பளம் பெறும் கவுன்சிலர் கிடைக்கிறார். ஐந்து ஆண்டுகள் அவர் கட்டணச் சீட்டுப் பிரச்சினை முதல் வடிகால் அடைப்பு வரை தீர்த்துக் கொடுத்த வீடுகளுக்குத்தான் பொதுத் தேர்தலின்போது கட்சியின் துண்டறிக்கையோடு மீண்டும் வருகிறார்.

உள்ளாட்சியில் ஆளுங்கட்சி அடி வாங்கினால், அடுத்த பொதுத் தேர்தலிலும் தோற்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979-ல் நடந்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை ஆராய்ந்த கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரு அறிஞர்கள், 1980-ல் “இரண்டாம் நிலைத் தேர்தல்” என்ற கருத்தை முன்வைத்தார்கள். நாட்டின் ஆட்சியை நேரடியாகத் தீர்மானிக்காத தேர்தல்களில் குறைவானவர்களே வாக்களிப்பார்கள், ஆளுங்கட்சி இழக்கும், சிறு கட்சிகள் கூடுதலாகப் பெறும் என்பது அதன் சாரம். அதாவது அந்த அடியில் ஒரு பகுதி எச்சரிக்கை மட்டுமே, உறவை முறிப்பதல்ல.

நம் நாட்டில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 2014 பொதுத் தேர்தலில் 62.15 விழுக்காடு பெற்றது. 2016 உள்ளாட்சியில் சுமார் 54 விழுக்காட்டுக்கு இறங்கி, ஜொகன்னஸ்பர்க், ட்ஷ்வானே, நெல்சன் மண்டேலா பே ஆகிய மாநகராட்சிகளின் ஆட்சியை இழந்தது. 2018 பிப்ரவரியில் ஜேக்கப் சூமா விலகி சிறில் ராமபோசா குடியரசுத் தலைவரானார். 2019-ல் கட்சி 57.50 விழுக்காடு பெற்றது. எச்சரிக்கை கேட்கப்பட்டது என்று நம்பிய ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். ஆனால் 2021 உள்ளாட்சியில் அது முதல் முறையாக நாட்டளவில் பாதிக்குக் கீழே இறங்கியபோது, திரும்பி வரவேண்டியவர்கள் வரவில்லை, 2024-ல் 40.18 விழுக்காடும் 159 இடங்களுமே கிடைத்தன. முதல் அடி எச்சரிக்கை. இரண்டாவது அடி ஏறத்தாழ முன்னறிவிப்பாகவே அமைந்தது.

2021-ல் எங்கள் தெருவில் பாதிப்பேர் போகவே இல்லை. போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டா?

மிகப் பெரிய பங்கு உண்டு. 2019 பொதுத் தேர்தலில் பதிவு பெற்றவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2021 உள்ளாட்சியில் அது சுமார் 46 விழுக்காடாகக் குறைந்தது. இந்த இரண்டு தேர்தல்களின் விழுக்காடுகளை அருகருகே வைத்து “மக்கள் மாறிவிட்டார்கள்” என்று சொல்வது, வெவ்வேறு கூட்டத்தின் எடையைச் சராசரி பார்த்துவிட்டு ஆட்கள் இளைத்துவிட்டார்கள் என்று சொல்வதைப் போன்றது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு வார்டில் 10,000 வாக்காளர்கள். 6,000 பேர் முதல் கட்சியின் ஆதரவாளர்கள், 4,000 பேர் இரண்டாம் கட்சியின் ஆதரவாளர்கள். பொதுத் தேர்தலில் இரு பக்கமும் 70 விழுக்காட்டினர் வந்தால் 4,200-க்கு 2,800. முதல் கட்சிக்கு 60 விழுக்காடு. உள்ளாட்சியில் முதல் பக்கம் 45 விழுக்காட்டினரும், மறுபக்கம் 65 விழுக்காட்டினரும் வந்தால் 2,700-க்கு 2,600. முதல் கட்சி 51 விழுக்காட்டுக்கு விழுந்துவிடுகிறது. ஒருவர்கூட மனம் மாறவில்லை.

ஆயினும் வீட்டில் இருப்பதும் ஒரு படிக்கட்டு என்பதை மறக்கக் கூடாது. தன் கட்சிக்கு எதிராக வாக்களிக்க மனம் வராதவர் முதலில் போகாமல் இருக்கிறார். அடுத்த முறை போகும்போது வேறு கட்சியைத் தேடுகிறார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 2019-ல் விழுக்காட்டில் மீண்டது என்று முன் பதிலில் சொன்னேன். வாக்குகளின் எண்ணிக்கையில் அது மீளவே இல்லை: 2014-ல் சுமார் 1 கோடியே 14 லட்சம், 2019-ல் சுமார் 1 கோடி, 2024-ல் சுமார் 65 லட்சம்.

கேப் டவுனைப் பிடித்ததால்தான் ஜனநாயகக் கூட்டணி வளர்ந்தது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. 2006-ல் அக்கட்சி கேப் டவுனில் தனிப்பெரும் கட்சியானது. பெரும்பான்மை இல்லாததால் பல சிறு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஹெலன் ஸில்லே மயிரிழையில் மேயரானார். 2009-ல் மேற்குக் கேப் மாகாணத்தையே 51.46 விழுக்காட்டோடு கட்சி வென்றது. ஸில்லே மாகாண முதல்வரானார். தேசிய அளவில் 2004-ல் 12.37 ஆக இருந்த அதன் பங்கு, 2009-ல் 16.66 ஆகவும் 2014-ல் 22.23 ஆகவும் உயர்ந்தது. “நாங்கள் ஆளும் இடத்தைப் பாருங்கள்” என்ற ஒரே வாக்கியத்தை வைத்து அது நாடெங்கும் பிரசாரம் செய்ய முடிந்தது.

ஆனால் அதே ஏணி ஒரு படிக்குமேல் ஏறவில்லை. 2019-ல் 20.77, 2024-ல் 21.81 என்று அங்கேயே நிற்கிறது. ஓர் ஊரை நன்றாக நடத்துகிறார்கள் என்று ஒப்புக்கொள்வதும், இவர்கள் நம்மவர்கள் என்று உணர்வதும் வேறு வேறு. கேப் டவுனுக்குள்ளேயே, எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நல்லாட்சி வேறு விதமாகத் தெரிகிறது.

மாநகராட்சிகளில் கூட்டணி அமைத்து அடித்துக்கொண்டார்களே, அது தேசிய விருப்பத்தைக் கெடுத்ததா?

தனி ஒரு காரணமாகப் பிரித்துக் காட்டுவது கடினம். 2016-ல் ஜனநாயகக் கூட்டணி ஜொகன்னஸ்பர்க்கில் ஆட்சி அமைத்தது பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சியின் ஆதரவில். நில உரிமை முதல் பலவற்றில் எதிரெதிர்க் கொள்கை கொண்ட இரண்டும் ஒன்றாக வாக்களிப்பதை இரு பக்க ஆதரவாளர்களும் கண்டனர். மேயராக இருந்த ஹெர்மன் மஷாபா 2019-ல் பதவி விலகி, 2020-ல் ஆக்‌ஷன் எஸ்.ஏ. கட்சியைத் தொடங்கினார்.

அக்கட்சியின் அனுபவம் தனிப் பாடம். 2021-ல் ஆறு நகராட்சிகளில் மட்டும் போட்டியிட்டு, ஜொகன்னஸ்பர்க்கில் சுமார் 16 விழுக்காடும் 44 இடங்களும் பெற்றது. 2024-ல் நாடு முழுவதும் போட்டியிட்டபோது கிடைத்தது சுமார் 1.2 விழுக்காடு, 6 இடங்கள். ஒரு நகரத்தில் சம்பாதித்த நம்பிக்கை அந்த நகரத்தின் எல்லையைத் தாண்டித் தானாகப் பயணம் செய்வதில்லை.

ராஜ்பன்சியின் கட்சிக்கு என்னதான் ஆனது? எங்கள் தாத்தா அதற்குத்தான் போட்டார்.

மூன்றாம் பதிலில் சொன்ன இரட்டை வாக்கு அதன் பலம், பலவீனமும் அதுவே. 1994-ல் மாகாணத்தில் 1 இடம், நாடாளுமன்றத்தில் ஒன்றும் இல்லை. 1999-ல் மாகாணத்தில் 2, நாடாளுமன்றத்தில் 1. 2004-ல் இரண்டிலும் 2. மாகாண மன்றத்தில் குரல் கேட்டதால் தேசியச் சீட்டிலும் அதற்குத் துணிந்து வாக்களித்தார்கள் என்று இந்த ஏற்றத்தைப் படிக்கலாம். வட்டாரத்திலிருந்து நாட்டுக்கு விருப்பம் ஏறிய நம் சொந்த எடுத்துக்காட்டு இது.

இறக்கமும் அதே படிகளில்தான். 2009-ல் மாகாணத்தில் 2, நாடாளுமன்றத்தில் 1. ராஜ்பன்சி 2011 டிசம்பரில் மறைந்தார். 2014-ல் நாடாளுமன்ற இடம் போயிற்று. மாகாணத்தில் 1 மட்டும் மிஞ்சியது. 2024-ல் அதுவும் இல்லை. முதலில் தேசிய வாக்கு உதிர்கிறது, வட்டார வாக்கு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதரின் பெயரில் நின்ற நம்பிக்கை என்பதால் அவருக்குப் பின் அதைத் தாங்க அமைப்பு இல்லை. அந்த வாக்காளர்களில் பலர் இடம் பெயர்ந்தபோது, அதுவரை வார்டுகளில் வேலை செய்துகொண்டிருந்த ஜனநாயகக் கூட்டணி அங்கே தயாராக இருந்தது.

உள்ளாட்சித் தேர்தலில் சறுக்கியே அழிந்த கட்சி உண்டா?

உண்டு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய கோப் கட்சி 2009-ல் 7.42 விழுக்காடும் 30 இடங்களும் பெற்றது. தலைமைச் சண்டையில் சிதைந்த அது 2011 உள்ளாட்சியில் சுமார் 2 விழுக்காடு பெற்றபோது, கட்சிக்குத் தெருவளவில் ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2014-ல் 3 இடங்கள்.

நம் மாகாணத்தில் இன்னும் தெளிவான கதை ஒன்று. இன்காதா சுதந்திரக் கட்சியிலிருந்து 2011-ல் பிரிந்த தேசிய சுதந்திரக் கட்சி, 2014-ல் நாடாளுமன்றத்தில் 6 இடங்கள் பெற்றது. இன்காதா 18-லிருந்து 10-க்கு இறங்கியது. 2016 உள்ளாட்சித் தேர்தலில் வைப்புத்தொகையை உரிய நேரத்தில் கட்டாததால் புதிய கட்சி ஏறத்தாழ எல்லா இடங்களிலும் போட்டியிட முடியாமல் போனது. சீட்டில் பெயர் இல்லாத அந்த ஒரு நாளில் அதன் ஆதரவாளர்கள் பலர் பழைய வீட்டுக்குத் திரும்பினர். சூமாவின் சொந்த ஊரான ந்கான்ட்லாவையே இன்காதா வென்றது. 2019-ல் இன்காதா 14, பிரிந்த கட்சி 2. மளிகைக் கடை உவமையை நினைவில் வைத்து இதைப் படியுங்கள்.

எம்.கே. கட்சி ஓர் உள்ளாட்சித் தேர்தலைக்கூடச் சந்திக்காமல் 2024-ல் முதலிடம் வந்ததே? நீங்கள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடாதா?

இதுவரை வந்த கேள்விகளில் கடினமானது இதுதான். 2023 டிசம்பரில் சூமா தம் ஆதரவை அறிவித்த அக்கட்சி, ஆறு மாதத்துக்குள் குவாசூலு-நட்டாலில் 45.35 விழுக்காடும் 80-ல் 37 இடங்களும், நாட்டளவில் 14.58 விழுக்காடும் பெற்றது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இம்மாகாணத்தில் 2019-ல் பெற்ற 54.22 விழுக்காட்டிலிருந்து 16.99-க்கு விழுந்தது.

எல்லா மாற்றமும் கீழிருந்து மேலே ஏறுவதில்லை. தலைவர் மேலிருந்தும் இழுப்பார். 2009-ஐப் பாருங்கள்: ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நாட்டளவில் 69.69-லிருந்து 65.90-க்கு இறங்கியது, அதே தேர்தலில் சூமா வேட்பாளர் என்பதால் இம்மாகாணத்தில் 46.98-லிருந்து 62.95-க்கு ஏறியது. அன்று அவர் பெயரால் வந்தவர்கள் 2024-ல் அவர் பெயராலேயே போனார்கள். ஆனாலும் 2021-ல் டர்பனை உள்ளடக்கிய இத்தெக்குவினி மாநகராட்சியில் ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தபோதே பிடி தளர்ந்திருந்தது என்று நான் கருதுகிறேன். 2024 தேர்தலுக்குப் பின் மாகாணத்தில் இன்காதா, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், ஜனநாயகக் கூட்டணி, தேசிய சுதந்திரக் கட்சி ஆகிய நான்கும் சேர்ந்து 41 பேராக 39 பேருக்கு எதிரே ஆட்சி அமைத்தன. முதலிடம் வந்த கட்சி எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

தமிழ்நாட்டில் உள்ள என் சித்தப்பா மகன், “இங்கே சட்டமன்றம் வேறு, டெல்லி வேறு” என்கிறான். அங்கே இந்தப் பாதிப்பே இல்லையா?

அங்குள்ள வாக்காளர்கள் இரண்டையும் பிரிப்பதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். டெல்லி நகரம் 2014-ல் மக்களவையின் 7 இடங்களையும் பாரதிய ஜனதா கட்சிக்குக் கொடுத்தது. 2015 பிப்ரவரியில் சட்டமன்றத்தின் 70-ல் 67-ஐ ஆம் ஆத்மி கட்சிக்குக் கொடுத்தது. 2019-ல் மீண்டும் 7-ம் பாரதிய ஜனதாவுக்கு. 2020-ல் 62 ஆம் ஆத்மிக்கு. தமிழ்நாட்டில் 2019-ல் தி.மு.க. கூட்டணி மக்களவையின் 39-ல் 38 இடங்களை வென்றது. அந்தத் தேர்தல் காலத்திலேயே நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. 9 இடங்களைப் பிடித்து மாநில ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. உங்கள் சித்தப்பா மகன் சொல்வது சரி.

வட்டாரத்தில் வென்றதால்தான் நாட்டிலும் வளர்ந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இரண்டுக்கும் வேறு ஒரு காரணம் இருக்கலாமே?

இருக்கலாம், பல நேரங்களில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தேசியக் கட்சி 2007-ல் வட்டார ஆட்சியைப் பிடித்தது. ஆனால் 2010 பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில் அதற்கு 6 இடங்களே, தொழிற்கட்சிக்கு 41. 2011-ல் வட்டாரப் பெரும்பான்மை, 2014-ல் விடுதலைப் பொதுவாக்கெடுப்பு, 2015-ல் 59-ல் 56 இடங்கள். வளர்த்தது வட்டார ஆட்சியா, பொதுவாக்கெடுப்பு கிளறிய உணர்வா? முதலாவது இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது என்பதே என் பதில்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஜெர்மனியைப் பயன்படுத்துகிறார்கள். அங்கு மாநில மன்றத்தில் நுழைய 5 விழுக்காடு வேண்டும். 5-ஐச் சற்றே தாண்டிய கட்சிகளையும் சற்றே தவறவிட்ட கட்சிகளையும் ஒப்பிட்டால், மக்கள் ஆதரவு ஏறத்தாழ ஒன்றே. மன்றத்தில் இருப்பது மட்டுமே வேறுபாடு. நுழைந்தவை அடுத்த தேசியத் தேர்தலில் சற்று மேலாகச் செய்தன. 1979-ல் பசுமைப் பட்டியல் ஒன்று பிரேமன் மாநில மன்றத்தில் நுழைந்ததும், 1980-ல் உருவான பசுமைக் கட்சி 1983-ல் 5.6 விழுக்காட்டோடு தேசிய மன்றத்தை அடைந்ததும் இத்தகைய பாதைதான்.

அடுத்த உள்ளாட்சி முடிவு வரும்போது நான் எதைப் பார்க்க வேண்டும்?

2021-ல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 நவம்பரில் முடிகிறது. தேர்தல் ஆணையம் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் முடிவைத் தனித்தனியே வெளியிடுகிறது. நாட்டளவு விழுக்காட்டுக்கு முன் உங்கள் பள்ளிக்கூடச் சாவடியைத் தேடுங்கள். முதலில், 2024-ல் அங்கே எத்தனை பேர் வாக்களித்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று பாருங்கள். பிறகு, மாநகராட்சியில் தரப்படும் இரண்டு சீட்டுகளில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் வார்டுச் சீட்டையும் கட்சிக்கு வாக்களிக்கும் விகிதாசாரச் சீட்டையும் ஒப்பிடுங்கள். வார்டில் மட்டும் ஒரு கட்சி கூடுதலாகப் பெற்றிருந்தால், அந்த வாக்கு கவுன்சிலர் என்ற மனிதருக்கு உரியது. அவர் போனால் அதுவும் போகும். விகிதாசாரச் சீட்டிலும் அதே அளவு ஏறியிருந்தால், அது கட்சிக்கு விழுந்த வாக்கு. 2029 பொதுத் தேர்தலுக்கு நடந்து போகக் கூடியது அதுதான்.